ஏழு என்று திருத்தி வாசிக்கவும்

காலை பத்து நாற்பது. முப்பத்தொன்பது இலக்கம். குழல்வாய்மொழி அத்தனையையும் மனத்துக்குள் ஒரு தடவை சொல்லி முடித்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். தாணுமாலயன் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருந்தார் என்றால் அதில் அவர் செய்த வேலை ஏதோ இருப்பதுபோல ஆகிவிடும். உட்கார வைத்தது இவள். வலது கையைத் தூக்கி மடியில் வைத்ததும் இவள்தான். மதுரை கே.கே. நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் அன்றைக்கு அவர்கள் டோக்கன் எண் பதினேழு. பதினேழு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. இதைச் சொல்ல அவளுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, முப்பத்து மூன்று வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருந்தால் போதும். பஸ் எண், ரயில் பெட்டியில் படுக்கை எண், கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் கொடுக்கும் தகட்டு எண் என்று எதைப் பார்த்தாலும் ஒரு நொடி நின்று, வகுபடுமா வகுபடாதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். வகுபடாவிட்டால் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வரும், தெரிந்தவரைக் கடைத்தெருவில் பார்த்ததுபோல. பதினேழு என்று எழுதிய பிளாஸ்டிக் வில்லையை அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள். அவர் பார்த்தார். சந்தோஷம் வந்ததா என்று இவளுக்குத் தெரியவில்லை. வாயின் வலது பக்கம் கீழே இழுத்துக்கொண்டதிலிருந்து அந்த முகத்தை வாசிப்பதே பெரும்பாடாகிவிட்டது. எழுத்து தேய்ந்த அச்சில் புள்ளி இருக்கிறதா, இல்லையா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுபோலச் சாய்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘காலனிகளை வெளியே விடவும்.’ ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் அதைப் பார்க்கிறாள். மூன்று சுழி ணி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி னி போட்டு, செருப்பைக் குடியிருப்பு ஆக்கிவிட்டார்கள். பழைய தாணுமாலயனாக இருந்தால் முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய், “எந்தக் காலனிய வெளிய விடணும்? எங்க தெருவையே தூக்கிட்டு வந்திருக்கேன்” என்று சொல்லி அந்தப் பெண்ணைத் திணற அடித்திருப்பார். இப்போது பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், வந்ததிலிருந்து. படிக்கிறாரா, கண் போன இடத்தில் பலகை இருக்கிறதா? இதுதான் கேள்வி. எல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் பயிற்சி கொடுக்கும் ஜெனிட்டா இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “அம்மா, ஆறு மாசம் முடியுது. அடுத்த வாரம் ரிப்போர்ட் எழுதணும். அதுல ஒரு கட்டம் இருக்கு. கேக்கறதப் புரிஞ்சு பதில் சொல்றாரான்னு. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுதான். நடுவுல எழுத இடமில்ல.” “இல்லன்னு எழுதினா?” “வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிருவாங்கம்மா. அந்த இடத்துல முன்னேறுறதுக்கு வாய்ப்புள்ள ஆளு வருவாரு.” நல்ல பெண். சொல்லும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டு சொன்னாலும் கட்டம் கட்டம்தான்.

அவருக்கு மிச்சமிருந்த பேச்சு மூன்று. ஒன்று, கிழமைகள், ஞாயிறு என்று எடுத்துக்கொடுத்தால் சனி வரைக்கும் போய்விடுவார். இரண்டாவது, ‘சவம்’. நாகர்கோயில்காரர், சின்ன வயதிலிருந்தே நாக்கில் ஊறிய வசவு; சாவியைக் காட்டி இது என்ன என்றால் சவம், டம்ளரைக் காட்டினாலும் சவம், ஜெனிட்டா ஒருநாள் தன்னையே காட்டி நான் யார் சார் என்று கேட்டபோதும் சவம், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது அந்த எண். முப்பத்தொன்பது இலக்கமும், மூன்று மூன்றாக, பதின்மூன்று தொகுதி. ஒண்ணு ஏழு சைபர், ஒண்ணு நாலு ஒண்ணு, ஒண்ணு எட்டு மூணு என்று ஆரம்பித்தால் கடைசி ஏழு ரெண்டு ஏழு வரைக்கும் ஒரு பிசிறு இல்லாமல் வரும். முதல் தடவை மருத்துவமனைக் கட்டிலில் அவர் அதைச் சொன்னபோது இவள் நர்சைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் ஜெனிட்டா விளக்கினாள். மனப்பாடமாக உருட்டிப் பழகியது, சாமி பாட்டு, வாய்ப்பாடு, திட்டு, இதெல்லாம் தானாக வருகிற பேச்சு. மூளையில் அதற்கு வேறு வழி. வருகிறது என்பதால் ஆள் பேசுகிறார் என்று அர்த்தமில்லை. தானாக வருகிற பேச்சு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. அப்படியானால் இவள் கட்டிக்கொண்டு அழுதது குழாயைப் பார்த்தா? பெரிய டாக்டர் அதற்கு முன்பே, ஜனவரியில், பக்கவாதம் வந்த பொங்கல் வாரத்தில், ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “உயிருக்கு ஒண்ணும் பயமில்லம்மா. மொழி போயிருச்சு” என்றார். அவர் இவளைக் கூப்பிடுவது மொழி என்றுதான். குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மன் பெயரை வைத்தார்கள். அவர் வால் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். “நான் எங்கயும் போகல டாக்டர், இங்கதான் இருக்கேன்” என்று இவள் சொல்லிவிட்டாள். டாக்டர் இவளையும் ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

பத்து ஐம்பது. தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்று சொட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று சொட்டு. எதையும் மூன்று மூன்றாக எண்ணுகிற பழக்கம் அந்த எண்ணால் வந்தது. அவர் முகச்சவரம் செய்யும்போது சொல்வார், பால் பொங்குவதற்குக் காவல் நிற்கும்போது சொல்வார், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் ஸ்கூட்டரை அணைத்துவிட்டுச் சொல்வார். என்ன எண் அது என்று கேட்கிறவர்களுக்கு விளக்கம் தயாராக இருக்கும். இரண்டை இரண்டால் பெருக்கு, வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கு, இப்படி நூற்றிருபத்தேழு இரண்டுகளைப் பெருக்கிக் கடைசியில் ஒன்றைக் கழி. அவ்வளவுதான். அது பகா எண் என்று 1876இல் ஒரு பிரெஞ்சுக்காரர் நிரூபித்தார், மெஷின் இல்லாமல், கையால். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கு மனிதனுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். இவளுக்குப் பிடித்தது இன்னொரு சங்கதி. இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் மூன்று. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் ஏழு. ஏழு இரண்டுகளுக்கு நூற்றிருபத்தேழு. நூற்றிருபத்தேழு இரண்டுகளுக்கு இந்த எண். எல்லாமே பகா எண்கள். “தாத்தா, அப்பன், மகன், பேரன்னு ஒரே மூக்கு பாத்தியா” என்பார். பேரனுக்கு அடுத்தது? “அது அப்படியா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அவ்வளவு பெருசு. எழுதி முடிக்க உலகத்துல காகிதம் கிடையாது.” அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மிகவும் நிறைவாக இருக்கும். தெரியாது என்று இத்தனை திருப்தியாகச் சொல்கிற ஆளை இவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒருவர் செல்பேசியில் யாரையோ, “லாரி வரலன்னா நான் என்ன மாயமா பண்ணுவேன்” என்று திட்டிக்கொண்டிருந்தார். டோக்கன் பதினைந்தைக் கூப்பிட்டார்கள். பதினைந்து வகுபடும். பதினாறும் வகுபடும். அப்புறம் நாம். இன்றைக்குச் செய்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்துக்கொண்டு வந்தாள். செய்ய வேண்டியது சின்ன வேலை. எண்ணை இவள் படிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும், நடுவில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றிப் படிக்க வேண்டும். இரண்டு தட்டு தட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் அவர்கள் இருவரும் செய்த வேலையே அதுதான். இவள் காப்பி ஹோல்டர், எழுதி வந்த தாளை உரக்கப் படிக்கிறவள். கமா, புள்ளி, புது பாரா எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் புரூஃப் ரீடர், எதிரே உட்கார்ந்து, அச்சுக் கோத்து எடுத்த தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். சரியாக இருந்தால் மேசையில் பென்சிலால் ஒரு தட்டு: மேலே போ. தப்பு இருந்தால் இரண்டு தட்டு: நில். வேலையோடு நிற்கவில்லை அது, வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு சரியாக இருந்தால் தட்டின் விளிம்பில் விரலால் ஒரு தட்டு. இவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு எடுத்த புடவைக்கு இரண்டு தட்டு வாங்கி, ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். ஆகவே எளிது. ஓர் இலக்கம் மாற்றிப் படித்தால் போதும். உள்ளே ஆள் இருந்தால் தட்டுவார். ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் அவர் எதிரில் உட்கார்ந்து ஆரம்பிக்கிறாள், ஏழாவது தொகுதி வந்ததும் சரியாகவே படித்துவிடுகிறாள். தட்டாவிட்டால்? தட்டாவிட்டால் என்ன என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிற வரைக்கும் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். வகுத்துப் பார்க்காத வரையில் எந்த எண்ணும் பகா எண்தான் என்று சொல்கிற மாதிரி. அது தப்பு, தெரியும். ஆனாலும்.

ஏழாவது தொகுதி. ஏன் அதிலேயே போய்ச் சிக்குகிறது? ஆறாவது தொகுதி இரண்டு மூன்று ஒன்று, ஏழாவது ஏழு மூன்று ஒன்று. வால் ஒன்று, தலை வேறு. நாக்கு தடுக்குகிற இடம். 1984 பிப்ரவரி, ஞாயிறு இணைப்பில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுதுகிற கணக்குப் பத்தி, அதில் எண் முழுதாக வந்தது: 170141183460469231731687303715884105727. இவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் தற்காலிகம். எதிரே தாணுமாலயன், வெள்ளைச் சட்டை, அதில் இரண்டாவது பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. வெள்ளைச் சட்டைக்கு யாராவது பச்சை நூல் போடுவார்களா? அவராகத் தைத்தாரா? அவராகத் தைத்தால் சரி. வேறு யாராவது தைத்திருந்தால்? தைத்தவள் யார், அவளுக்கு வீட்டில் வெள்ளை நூல் இல்லையா, அல்லது வேண்டுமென்றே, பார்க்கிறவர்கள் கேட்கட்டும் என்று... ரெண்டு மூணு ஒண்ணு, ஆறு மூணு ஒண்ணு. இரண்டு தட்டு. நிமிர்ந்தாள். “ஆறா?” என்றார் அவர். பொத்தானைப் பார்த்ததைப் பார்த்துவிட்டாரோ என்ற பதற்றத்தில், கையிலிருந்த தாளைக் குனிந்து பார்க்காமலே, “ஆமா, ஆறு” என்றாள். அவர் ஏழை அடித்துவிட்டு ஆறு என்று ஓரத்தில் எழுதினார். அச்சுக் கோத்தவர் சரியாகத்தான் கோத்திருந்தார். சரியாக இருந்ததைத் திருத்திக் கெடுத்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும். பிப்ரவரி 12 ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. வியாழக்கிழமை புளியங்குடியிலிருந்து ஒரு தபால் அட்டை. எழுதியவர் எலுமிச்சை வியாபாரி. ‘ஐயா, தங்கள் இதழில் வந்த பகா எண்ணின் இலக்கங்களைக் கூட்டினேன். 153 வருகிறது. 153 மூன்றால் வகுபடும். ஒன்பதாலும் வகுபடும். ஆகவே அந்த எண்ணும் வகுபடும். இதில் எது பகாதது என்று தெரிவிக்கவும்.’ சரியான எண்ணைக் கூட்டினால் 154. ஒன்றுதான் வித்தியாசம். ஓர் ஏழு ஆறாகிப்போனதில், பிரெஞ்சுக்காரர் நிரூபித்தது போய், எலுமிச்சை வியாபாரி மூன்றால் வகுத்துவிடுகிற சாதாரண எண்ணாகிவிட்டது.

ஆசிரியர் அறையில் இருவரையும் நிற்க வைத்தார்கள். திருத்திய தாள் மேசைமேல் இருந்தது, ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஆறு. “என்ன படிச்சீங்க?” என்று ஆசிரியர் இவளைக் கேட்டார். தற்காலிகம். தென்காசியில் அப்பா படுக்கையில். “ஏழுன்னுதான் சார் படிச்சேன்.” தாணுமாலயன் திரும்பி இவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அந்தப் பார்வையை இன்றைக்கும் வரைந்து காட்டுவாள். ஒரு சொல் சரியா தப்பா என்று சந்தேகம் வரும்போது அகராதியை எடுப்பதற்கு முன்னால் அவர் பார்க்கிற பார்வை. பிறகு ஆசிரியர் பக்கம் திரும்பி, “அப்ப என் காதுதான் சார்” என்றார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது: ‘பிப்ரவரி 12 இதழில் வெளியான எண்ணில் 21ஆவது... இல்லை, பத்தொன்பதாவது இலக்கத்தை 6 என்பதற்குப் பதிலாக 7 என்று திருத்தி வாசிக்கவும்.’ பத்தொன்பதாவது. ஆறு தொகுதிக்குப் பதினெட்டு, அடுத்தது பத்தொன்பது. அதுவும் பகா எண்தான், அவர் சொல்லித்தான் தெரியும். இருவருக்கும் சேர்த்து ஒரே மெமோ வந்தது. “நம்ம ரெண்டு பேர் பேரும் சேந்து வந்த முதல் பத்திரிகை அதுதான்” என்று கல்யாணத்துக்கு அப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆவணியில் கல்யாணம். அவருக்கு முப்பத்தொன்று, இவளுக்கு இருபத்தொன்பது. இரண்டும் பகா எண், நடுவில் ஒரே ஓர் எண் இடைவெளி; இரட்டைப் பகா எண்கள் என்று பெயராம். புரூஃப் பிரிவு நண்பர்கள் வாழ்த்து மடல் அடித்து மண்டபத்தில் கொடுத்தார்கள், ‘பகா எண் இரண்டும் இணைந்த நன்னாள்’ என்று. அச்சில் வந்தது ‘பகை எண் இரண்டும்’. ஒன்பது புரூஃப் ரீடர்கள் பார்த்து அனுப்பிய மடல். தாணுமாலயன் மாலையோடு உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு ஓமகுண்டத்தின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

சிரிப்பு வந்தது. செல்பேசிக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்த இடத்திலேயே வழக்கம்போல அந்த இன்னொன்றும் வந்து நின்றது. அந்த வருஷம் புரூஃப் பிரிவிலிருந்து ஒருவரை ஆசிரியர் குழுவுக்கு எடுப்பதாக இருந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. எடுக்கவில்லை. அப்புறமும் எடுக்கவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் புரூஃப் ரீடர்தான். “எனக்கு அதுதான் தோது” என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆனால் வீட்டில் விளையாட்டு ஒன்று உண்டு. பால் பொங்கி வழிந்தால், சாவியை மறந்தால், மழையில் துணி நனைந்தால், இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு “யாரு தப்பு?” என்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் “நீ” என்பார். “நான் ஏழுன்னுதான் படிச்சேன்.” “நீ ஆறுன்னுதான் படிச்சே.” “உங்க காது.” “உன் நாக்கு.” முப்பத்து மூன்று வருஷம். விளையாட்டு என்று ஆகிவிட்டதால் உண்மையைச் சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது. சொல்லலாம் என்று நினைத்ததுண்டு. அவர் ஓய்வுபெறுகிற அன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள், அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். அறுபது முடிந்ததும் என்று இருந்தாள். பிறகு பொங்கல் வாரம் வந்தது. பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வேறு யாரும் இல்லை, சொல்லிவிட்டாள். “ஆறுன்னுதாங்க படிச்சேன். நீங்க கேட்டபோது தாளக்கூட பாக்கல. உங்க பொத்தானப் பாத்துட்டிருந்தேன்.” அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சவம்” என்றார். அது பதிலா? முப்பத்து மூன்று வருஷத்துக்கு அதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. ஆனால் அன்று காலையில் இட்லித் தட்டையும் அதையேதான் சொன்னார். மன்னிப்புக் கேட்டாயிற்றா இல்லையா என்றே தெரியாமல் ஐந்து மாதமாக இருக்கிறாள். சொன்னது போய்ச் சேர்ந்ததா? தபாலில் போட்டாயிற்று, அந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா? ஜெனிட்டாவின் கட்டத்தில் ஆமா என்று விழுந்தால் இருக்கிறார். இல்லை என்று விழுந்தால் இவள் குழாயிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிரெஞ்சுக்காரர் எதாலும் வகுத்துப் பார்க்கவே இல்லை என்று பத்தியில் எழுதியிருந்தது. வேறொரு கேள்வியை அந்த எண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனார், கடைசியில் மீதி சைபர் என்று வந்தது, அதனால் பகா எண் என்று தெரிந்தது. உள்ளே உடைத்துப் பார்க்காமலே. அப்படி ஒரு கேள்வி இருந்தால் நல்லது. திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இவளால் முடியும்.

“பதினேழு!”

பதினொன்று பத்து. ஜெனிட்டா மேசைக்கு அந்தப் பக்கம், ரிப்போர்ட் தாள் கையருகில் இருந்தது. கட்டம் எந்த இடத்தில் என்று இவள் கண் தானாகத் தேடிக் கண்டுபிடித்தது, மூன்றாவது பத்தி, காலி. “வாங்க சார். சாப்டீங்களா?” படங்கள் வந்தன. பூட்டு. சவம். குடை. சவம். பசு. அவர் பசுவை வெகுநேரம் பார்த்தார், உதடு கூடியது, இவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள், “ஞாயிறு” என்றார், திங்கள் செவ்வாய் என்று தொடர்ந்துபோய் சனியில் நின்றார். ஜெனிட்டா ஒவ்வொன்றுக்கும் எதிரே எதையோ குறித்துக்கொண்டே வந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பரீட்சை முடிந்த பிள்ளையிடம் பேசுவதுபோல, “சரி சார், விடுங்க. உங்க நம்பரச் சொல்லுங்க, கேட்டு நாளாச்சு” என்றாள். அது பரீட்சையில் சேர்த்தி இல்லை என்று இவளுக்குத் தெரியும். ஆறுதலுக்கு.

அவர் ஆரம்பித்தார். ஒண்ணு ஏழு சைபர். ஒண்ணு நாலு ஒண்ணு. ஒண்ணு எட்டு மூணு. இவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதாவது இருக்கிறதே, குழாயோ எதுவோ, குரல் அவருடையது. நாலு ஆறு சைபர். நாலு ஆறு ஒம்பது. ரெண்டு மூணு ஒண்ணு. ஆறு மூணு ஒண்ணு.

ஆறு. இவள் கண்ணைத் திறந்தாள். முப்பத்து மூன்று வருஷத்தில், சவரக் கத்தியோடும் ரயில்வே கேட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஒரு நாளும் அந்த இடத்தில் ஏழு தவிர வேறு வந்ததில்லை. போகிறது. கடைசியாக இருந்ததும் போகிறது. முதலில் இந்த இலக்கம், அப்புறம் பக்கத்து இலக்கம், கரையான் பிடித்த காகிதக் கட்டுப்போல. இவள் நினைத்து முடிப்பதற்குள் கை மேசைக்குப் போய்விட்டது. நடு விரலால் இரண்டு தட்டு. நில்.

அவர் நின்றார். எண் பாதியில் நிற்பதை ஜெனிட்டா இதுவரை பார்த்ததில்லை, ஆரம்பித்தால் கடைசி வரைக்கும் போய்த்தான் நிற்கும், அவள் நிமிர்ந்தாள். தாணுமாலயன் மெல்லத் தலையைத் திருப்பி இவளைப் பார்த்தார். அகராதியை எடுப்பதற்கு முன்னால் பார்க்கிற பார்வை. என்ன கேட்பது என்று தெரியவில்லை, தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான், அது யோசனை இல்லாமல் தானாக வந்தது.

“யாரு தப்பு?”

மின்விசிறி சுற்றியது. வெளியே செல்பேசிக்காரர் இன்னும் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நீ என்று வரும். நீ என்று வந்தால் அதுவும் தானாக வந்ததுதான், முப்பத்து மூன்று வருஷம் உருட்டிய பேச்சு, கட்டத்துக்கு ஆகாது, ஆனாலும் பரவாயில்லை, நீ என்று சொல்லிவிட்டால் போதும், அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் வாய் இடது பக்கமாகக் கோணியது. ஏதோ ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்குகிற மாதிரி நெற்றி சுருங்கியது.

“நா...” என்றார். இரண்டு தடவை மூச்சு விட்டார். “நான்.”

ஜெனிட்டா பேனாவை எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா சொல்றாரு? கேட்டதுக்குப் பதிலா அது?”

நான். அப்ப என் காதுதான் சார். அதே பொய், அதே ஆளைக் காப்பாற்ற. ஆறு என்று சொன்னது தவறி வந்ததா, வேண்டுமென்றே வைத்த தூண்டிலா என்று இவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. ஆனால் குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல எதிரே இருக்கிறவள் யார் என்று தெரிய வேண்டும், அவளுக்கு எது வேண்டும் என்று தெரிய வேண்டும், உண்மை எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

“பொய் சொல்லுதாரும்மா” என்றாள் குழல்வாய்மொழி. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. “பச்சப் பொய். ஆறுன்னு படிச்சது நான். அவரு காது சரியாத்தான் இருந்தது. அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாரு.”

ஜெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தாணுமாலயன் தன் இடது கையை மடியிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்து, ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து, ஏழு மூணு ஒண்ணு, ஆறு எட்டு ஏழு என்று தொடர்ந்தார். ஜெனிட்டா தாளை இழுத்து, மூன்றாவது பத்தியில் இருந்த கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினாள்.

தாணுமாலயன் 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை காலமானார். மறுநாள் வெளியான இரங்கல் அறிவிப்பில் அவருடைய வயது 72 என்று அச்சாகியிருந்தது. குழல்வாய்மொழி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னதன்பேரில், 71 என்று திருத்தி வாசிக்கவும் என்ற அறிவிப்பு 16ஆம் தேதி, ஐந்தாம் பக்கத்தில் வந்தது.